இலைக்கறை படிந்த தாள்கள்

போர்ட் பிளேரில் அந்த வருஷம் மழை ஆரம்பித்ததிலிருந்து என் சமையலறையில் எனக்கே இடம் இல்லாமல் போயிற்று. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் செடி, அரிசி டின் மேல் செடி, அம்மிக்குக் கீழே செடி. அம்மி அரைப்பதற்கு அல்ல. இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்த செடிகளை அமுக்குவதற்கு. என் கணவர் ராஜமாணிக்கத்துக்குத் தாவர ஆபீஸில் உத்தியோகம். இந்தத் தீவுகளில் காட்டில் முளைத்தது, கொல்லையில் நட்டது என்று எல்லாவற்றையும் பூவும் காயுமாகப் பறித்து, காய வைத்து, பேர் எழுதி, இன்னது இன்ன குடும்பம் என்று பிரித்து வைக்க வேண்டும். ஆபீஸ் கூரை ஒழுகியது. அதனால் சர்க்கார் வேலை டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு, என் ஸ்டவ்வடிக்கு வந்து சேர்ந்தது. “நீங்க தாலி கட்டினது எனக்கா, இந்தக் கொடிகளுக்கா?” என்று கேட்டால், “அந்தக் கட்டைக் கொஞ்சம் திருப்பி வை மங்கை, பூஞ்சணம் பிடிக்குது” என்பார்.

செடி காய வேண்டுமானால் செய்தித்தாள் வேண்டும். ஈரம் உறிஞ்சிய தாளைத் தினமும் மாற்ற வேண்டும். எழுபத்து மூன்றில் சென்னைக் கப்பல் வந்தால்தான் எங்களுக்குப் பேப்பர். கப்பல் தாமதமானால் செய்தி இல்லையே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள்; பொட்டலம் மடிக்கத் தாள் இல்லையே என்று ஊரே தவிக்கும். இவரோ பழைய பேப்பரைக் கட்டுக் கட்டாகப் பரண் மேல் காத்து வைத்திருப்பார். அலமாரியில் விரிக்க நான் ஒரு தாள் உருவினால் வீடு இரண்டுபடும்.

காய்ந்த செடியைப் பூச்சி தின்னாமல் இருக்க விஷத்தில் முக்கி எடுப்பார்கள். பாதரசத்தில் செய்த வெள்ளைத் தூள் அது. ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். முக்கிய செடியைத் தாளுக்குள் வைக்கும்போது தாளிலும் விஷம் ஊறிவிடும். அந்தத் தாளை எரித்துவிட வேண்டும் என்பது விதி. அடைமழையில் எதை எரிப்பது? சணலில் கட்டி அதையும் பரண் மேல் போட்டார். பக்கத்திலேயே நல்ல தாள் கட்டு. இரண்டுக்கும் ஒரே சணல், ஒரே உயரம். காட்டில் கிடைக்கிற துரும்புக்கெல்லாம் பேர் எழுதிக் கட்டுகிற மனிதர், விஷத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டவில்லை.

அவர் மனசு அப்போது வீட்டில் இல்லை. மவுண்ட் ஹாரியட் காட்டில் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சீத்தாப்பழக் குடும்பத்து மரமாம். ஆனால் கிளையில் பூக்காமல் அடிமரத்தில், தரையைத் தொட்டுக்கொண்டு பூக்கிறதாம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கல்கத்தாவில் இருக்கிற பழைய மாதிரிகளோடு ஒத்துப் பார்த்து, புதுசுதான் என்று உறுதியானால் பேர் வைக்கிற உரிமை இவருடையது. பேருக்குப் பின்னால் இவர் பேரும் அச்சாகும், உலகம் இருக்கிற வரை. போய் வர ஆபீஸில் அனுமதியும் கொடுத்தாயிற்று. கப்பல்தான் வரவில்லை. மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலுக்குப் போவார், துறைமுகப் பக்கம் பார்ப்பார், திரும்பி வந்து அந்த மரத்தின் காய்ந்த கிளையைத் திறந்து பார்ப்பார், மூடுவார். அந்த மரத்தின் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பொய் சொல்வானேன்.

இந்த நிலையில்தான் ஒரு சாயங்காலம் ஜம்புலிங்கம் வந்தார். டாலிகஞ்சில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மழைக்காலம் முழுக்க இந்தச் செடிகளைக் காய வைக்க மண்ணெண்ணெய் தட்டாமல் கொடுத்த மனிதர்.

“சாப், ஜஹாஸ் இன்னும் வரல. பொட்டலம் மடிக்கக் கடையில ஒரு காகஜ் இல்ல. வாழையிலையில சீனி கட்டினா எறும்புக்குத்தான் போவுது. பழைய அக்பார் பேப்பர் கொஞ்சம் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

எனக்கு ஒரு தாள் தராதவர், மறு பேச்சில்லாமல் பரண் மேல் கை விட்டு ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். மண்ணெண்ணெய்க்கு நன்றிக்கடன். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் வெயில் அடித்தது. அத்தனை நாள் கழித்து வந்த வெயிலைப் பார்த்ததும் ஊரே துணி உலர்த்தியது. இவரும் விஷத்தாளை எரித்துவிடலாம் என்று தீப்பெட்டியோடு கட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோனார். சணலை அவிழ்த்தார். உள்ளே எல்லாம் சுத்தமான தாள். ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மங்கை, கட்டு மாறிப்போச்சு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சீனி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை. பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுத் தாளையும் நக்குவார்களே.

“போங்க, ஓடுங்க. போலீஸ்ல சொல்லுங்க, ஆஸ்பத்திரியில சொல்லுங்க!”

“சொன்னா வேலை போயிரும். விஷத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததே தப்பு. கல்கத்தா போச்சு, எல்லாம் போச்சு. முதல்ல கடைக்குப் போவோம். சத்தம் போடாம வாங்கிட்டு வந்துரலாம்.”

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் மரம் ஏற்றிப் போன லாரியை மறித்து ஏறினோம். டாலிகஞ்சில் இறங்கியபோது ஜம்புலிங்கம் எங்கள் தாளில்தான் யாருக்கோ பருப்பு கட்டிக்கொண்டிருந்தார். இவர் பாய்ந்து பிடுங்கினார். கட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. செடி படுத்திருந்த தாளில் அதன் இலை பழுப்பாகப் பதிந்திருக்கும். அந்தக் கறையைப் பார்த்தே இவர், “இது பிரம்பு, இது காட்டு ஜாதிக்காய், இது மாமரத்துக்குத் தம்பி” என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதெது போய்விட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

“இலைப் படம் போட்டிருக்குன்னு பசங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க சாப்,” என்றார் ஜம்புலிங்கம் சிரித்தபடி.

“யார் யாருக்குக் கொடுத்தீங்க? ஆபீஸ் காகிதம் கலந்துபோச்சு. முக்கியமான சர்க்கார் காகிதம்,” என்றார் இவர்.

அந்த ஒரு பொய் போதும். ஜம்புலிங்கம் கடை வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரனிடம் இந்தியில் சொன்னார்: சாபுடைய சர்க்காரி காகஜ் காணவில்லை, பொட்டலத்தில் வந்திருந்தால் கொடுங்கள் என்று. அவன் அடுத்தவனிடம் சொன்னான். நாங்கள் மூன்றாவது வீட்டை எட்டுவதற்குள் சேதி எங்களை முந்திவிட்டது, அதுவும் கையும் காலும் முளைத்து. சர்க்கார் ஆள் வந்திருக்கிறார், நிலம் கொடுக்கிற காகிதம் பொட்டலத்தில் மாறிப்போயிற்று, யார் கையில் தாள் இருக்கிறதோ அவருக்கு நிலம்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய பாதிப் பேர் ஏதோ ஒரு காகிதத்துக்குக் காத்திருப்பவர்கள். வங்காளத்திலிருந்து வந்தவருக்கு நிலத்தின் காகிதம், ராஞ்சியிலிருந்து வந்த கூலிக்கு வேலையின் காகிதம். சர்க்காரே தேடி வருகிற காகிதத்தை யாராவது கொடுப்பார்களா? ஒரு தெலுங்குக்காரி எங்கள் கண்ணெதிரே தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, “லேது, நஹி ஹை” என்று இரண்டு பாஷையில் கை விரித்தாள். ஒரு வங்காளிப் பெரியவர் அரிசிப் பானைக்குள்ளே கைவிட்டு எதையோ ஆழமாகப் புதைத்தார். அரிசிப் பானைக்குள்!

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“இப்பச் சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“கொஞ்சம் பொறு மங்கை, பேசி வாங்கிரலாம்…”

“நீங்க பேசினதாலதான் விஷம் அரிசிக்குள்ள போயிருக்கு!”

தெருக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் குழாய் மேடையில் ஏறினேன். எனக்குத் தெரிந்த இந்தி மார்க்கெட்டில் மீன் வாங்குகிற இந்தி. “காகஜ் மே ஜஹர் ஹை! பத்தா வாலா காகஜ், ஜஹர்! பச்சா மர் ஜாயேகா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். தமிழிலும் கத்தினேன். இலைக்கறை இருக்கிற தாளில் விஷம், பிள்ளைகள் செத்துப்போகும், கொண்டுவந்து போடுங்கள், கையைக் கழுவுங்கள், அந்தச் சீனியைத் தொடாதீர்கள்.

ஒரு குடம் கீழே விழுந்தது. தெருவே வீட்டுக்குள் ஓடியது. தாள்கள் வந்தன. கசங்கியது, எண்ணெய் பட்டது, பாதி கிழிந்தது, எல்லாம் என் காலடியில் வந்து விழுந்தன. வங்காளிப் பெரியவர் பானையோடு அரிசியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கொட்டிய அரிசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, எங்கடையில வெஷம்னு ஊரக் கூட்டிட்டியே! இனி எவன் வருவான் எங்கடைக்கி? உதவி செஞ்சதுக்கு நல்ல கூலி!”

இவர் அதற்குள் குனிந்து தாள்களைப் பிரித்து இலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“ஒண்ணு வரல. காட்டு மிளகுக் கொடி.”

ஜம்புலிங்கத்துக்குக் கோபத்திலும் ஞாபகம் போகவில்லை. காலையில் கடை திறந்ததும் முதல் பொட்டலமாகப் பொட்டுக்கடலை வாங்கியவள், கச்சால் கப்பலுக்குக் காத்திருக்கிற சிலோன்காரி. கீழே கொட்டகையில் இருக்கிறாள், கைப்பிள்ளையோடு.

சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்களை அந்த வருஷங்களில் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சிலோன்காரி அன்னம்மாளின் புருஷன் முன்னாலேயே போய்விட்டான். இவள் சின்னக் கப்பல் எப்போது கிளம்பும் என்று கொட்டகையில் காத்துக் கிடந்தாள். நாங்கள் போனபோது இரண்டு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை அவள் மடியில் துவண்டு கிடந்தது. பக்கத்தில் வாந்தியைத் துடைத்த துணி.

“எப்போலேருந்து வாந்தி?” என்றேன்.

“காலம்பரலேருந்து. கடல் காத்து ஒத்துக்கல போல.”

“பொட்டுக்கடலை வாங்கின தாள் எங்கம்மா?” என்றார் இவர்.

அவள் கை சட்டென்று இடுப்பில் போயிற்று. “தாளா? அதெல்லாம் எறிஞ்சாச்சு.”

“அதுல விஷம் இருக்கு. கொடுத்துரு. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கு,” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தாள். “செத்த முந்தி சர்க்கார் காயிதம்னீங்களாம். இப்ப வெஷம்ங்கிறீங்க. இதுல எது பொய்யிங்க தொரை?”

அவள் விடவில்லை. “சொந்த ஊருக்குப் போறீங்கன்னு சொல்லித்தான் கப்பல் ஏத்துனாங்க. வந்து பாத்தா ஊர் எங்க இருக்கு? இந்தக் கேம்ப்புக்குப் போ, அந்தத் தீவுக்குப் போங்கிறாங்க. வாயால சொன்னதையெல்லாம் நம்பித்தான் இங்க வந்து கெடக்கோம். நா குடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன். நா அந்தப் பக்கம் போனதும் கப்பல் போயிரும். எம் பேர அடிச்சிருவீங்க.”

குழந்தை மறுபடி ஓங்கரித்தது. இந்த முறை வெறும் எச்சில்தான் வந்தது. எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அதற்குள் ஜம்புலிங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் முட்டைகள். லாரியில் வரும்போது இவர் என்னிடம் சொல்லியிருந்தார், பாதரச விஷத்துக்கு முட்டையின் வெள்ளைக்கரு முதல் உதவி என்று. அதைக் குழாயடியில் நான் சேர்த்துக் கத்தியிருக்கிறேன் போல. எனக்கே நினைவில்லை. என்னைத் திட்டியபடியே கேட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

“எழுதித் தர்றேன்,” என்றார் இவர் திடீரென்று. “அந்தத் தாள்ல விஷம் இருந்ததுன்னு, அது என் தப்புன்னு, உன்னை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போதுமா?”

அவள் யோசித்தாள். “சிங்கம் போட்ட காயிதத்துல எழுதணும்.”

இவர் பையிலிருந்து ஆபீஸ் தாளை எடுத்தார். உச்சியில் சிங்க முத்திரை. முழங்காலில் வைத்து எழுதினார். முழுப் பேர், உத்தியோகம், ஆபீஸ், எல்லாம் எழுதினார். அதைக் கொடுத்தால் கல்கத்தா இல்லை, மரம் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அன்னம்மாள் சிங்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து மிளகுக் கொடித் தாளைக் கீழே போட்டாள். அதன் ஒரு மூலை எச்சிலில் ஊறி நைந்திருந்தது.

நான் குழந்தையின் வாயில் வெள்ளைக்கருவை ஊற்றிக்கொண்டே ஓடினேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அந்தக் கடிதத்தை ஒரு தரம் படித்தாள், இவரை ஏற இறங்கப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். என்ன விஷம், எவ்வளவு என்று தெரிந்ததால்தான் வைத்தியம் செய்ய முடிந்தது என்று பிறகு சொன்னாள். குழந்தை பிழைத்தது. நாலைந்து நாள் கண் திறக்காமல் கிடந்து, ஒரு காலையில் பசிக்கிறது என்று வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அழுதேன்.

டாக்டரம்மா மேலே எழுதியாக வேண்டும், எழுதினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸிலிருந்து சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. மவுண்ட் ஹாரியட் மரத்தின் காய்ந்த கிளைகளை ஆள் வந்து எடுத்துப் போனார்கள். வந்த கப்பலில் இவருக்குப் பதில் இன்னொருவர் கல்கத்தா போனார். பேர் வைக்கப்போவது இனி அவர்தான். சமையலறையில் என் இடமெல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அம்மியில் சட்னி அரைக்கும்போது அழுகையாக வந்தது. இவரோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார். இப்போது காத்திருக்க எந்தக் கப்பலும் இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை.

கச்சால் கப்பல் கிளம்புவதற்கு முதல் நாள் அன்னம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேடேறி வந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“தொரை, அன்னைக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்களே. டாக்டரம்மாகிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுல ‘இந்தப் பெண்ணின் குழந்தை’ன்னுதான் இருக்காம். பேரு இல்லியாம்.”

“ஆமா,” என்றார் இவர். “அவசரத்துல கேட்கல.”

“குடும்பக் கார்டுல நானும் எம் புருசனும்தான் இருக்கோம். இவ கார்டு எழுதுன பொறவு மண்டபம் கேம்ப்புல பொறந்தவ. இவ பேரு எதுலயுமே பதியல. கச்சால்ல எறங்கும்போது இது யாரு புள்ளன்னு கேட்டா நா என்னத்தக் காட்டுவேன்? நீங்க பேரு பதிஞ்சு குடுத்துருங்க தொரை.”

இவர் என்னைப் பார்த்தார். அலமாரியில் சஸ்பென்ஷன் ஆர்டர் மடித்து வைத்திருந்தது. இவர் கையெழுத்தை இப்போது ஒரு பியூன்கூட மதிக்க மாட்டான். சொல்லிவிடட்டுமா என்று அவர் கண் கேட்டது. நான் உள்ளே போய், மிச்சமிருந்த சிங்கத் தாளில் ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“முழுப் பேர் என்ன?”

“ருக்குமணி. ருக்குன்னு கூப்புடுவோம்.”

செடிக்கு எழுதுவாரே, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, அப்படி எழுதினார். தாய் பேர், தகப்பன் பேர், பிறந்த இடம். எந்த மாசம் என்று கேட்டார். பொங்கலுக்கு முன்னால் என்றாள். அதையும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, தன்னுடையது இல்லாமல் போய்விட்ட உத்தியோகத்தையும் எழுதினார். குழந்தை அவர் பேனாவைப் பிடித்து இழுத்தது.

அன்னம்மாள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்காமல் என் பக்கம் திரும்பினாள். குழாயடியில் நின்று உண்மையைக் கத்தியவள் நான்தான் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“நீங்க சொல்லுங்கம்மா. இது செல்லுங்களா?”

“செல்லும்,” என்றேன். “பத்திரமா வச்சுக்க.”